தைராக்ஸின் மாத்திரை: 14 மாதம் விழுங்கியவளின் மதிப்புரை

மூன்றாவது வாரத்தில் எழுதியிருந்தால் ஒரு நட்சத்திரம் கொடுத்திருப்பேன். ஆறாவது மாதத்தில் எழுதியிருந்தால் அதுவும் கிடையாது. எட்டாவது மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வுக்கூட வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு எழுதியிருந்தால் மாத்திரை, ஆய்வுக்கூடம், டாக்டர் என்று ஆரம்பித்து என்னையும் சேர்த்தே திட்டித் தீர்த்திருப்பேன். இப்போது 14 மாதம் ஆகிறது. கொஞ்சம் நிதானமாக எழுத முடியும் என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

பொருளின் பெயர் லெவோதைராக்ஸின். சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. எனக்கு முதலில் எழுதிக்கொடுத்த அளவு 50 மைக்ரோகிராம். ஒரு கிராமை 20,000 பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. மாத்திரையில் மிச்சமெல்லாம் அந்தத் துளியைக் கையில் பிடித்துக் கொடுப்பதற்கான மாவுதான். தைராய்டு சுரப்பி தானே செய்திருக்க வேண்டிய டி4 ஹார்மோனின் பிரதி இது. மூலத்துக்கும் பிரதிக்கும் எழுத்து வித்தியாசம் கிடையாது. இப்படிச் சொல்வதற்குக் காரணம் என் தொழில். நான் மெய்ப்புத் திருத்துபவள். பதிப்பகங்களுக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறேன், 19 வருடமாக.

அந்தத் தொழில்தான் நோயை முதலில் காட்டிக்கொடுத்தது. நிதானமாகப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு 18 பக்கம் திருத்துவேன். அது மெதுவாக 15 ஆகி, 12 ஆகி, ஒரு கட்டத்தில் 9-ல் வந்து நின்றது. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடி மாற்றினேன். நாற்காலி மாற்றினேன். இரவு ஒன்பது மணி நேரம் தூங்கி எழுந்தாலும், எழுந்ததே ஒரு நாள் வேலையை முடித்த மாதிரி இருக்கும். சோர்வு, களைப்பு, அலுப்பு, அசதி என்று தமிழில் எத்தனையோ சொல் வைத்திருக்கிறோம். களைப்புக்கு ஒரு காரணம் இருக்கும், தூங்கினால் போய்விடும். அலுப்பு மனசைச் சேர்ந்தது. எனக்கு வந்தது அசதி. எலும்புக்குள் ஈரமணலை ரொப்பி வைத்த மாதிரி ஒன்று. ஒரு நாவல் அச்சாகி வந்தபோது அதில் 'கணவர்' மூன்று இடத்தில் 'கனவர்' என்று இருந்தது. நான் பார்த்து அனுப்பிய மெய்ப்பு. பதிப்பாசிரியர் என்னைவிடச் சின்னவர். "என்னக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அப்போதுதான் டாக்டரிடம் போனேன்.

டிஎஸ்எச் 38. இருக்க வேண்டியது ஏறக்குறைய 0.4-லிருந்து 4 வரை. ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்தில் எதோடும் ஒட்டாமல் சுற்றும் டி4, கீழ் எல்லைக்கும் கீழே. தைராய்டைக் குறிவைக்கும் டிபிஓ எதிர்ப்பொருள் எகிறியிருந்தது. உடம்பின் காவல்காரனான நோயெதிர்ப்புச் சக்தியே வீட்டுக்காரனான தைராய்டை அடிக்கும் வகை. 1912-ல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ விவரித்ததால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. புரியாதவர்களுக்கு ஒரு வரி: டிஎஸ்எச் என்பது தைராய்டு செய்யும் ஹார்மோன் இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, "வேலை செய், வேலை செய்" என்று தைராய்டை அதட்டும் குரல். சுரப்பி சோம்பினால் அதட்டல் உயரும். அதனால்தான் குறைபாட்டில் இந்த எண் ஏறுகிறது. இது புரிய எனக்கே இரண்டு மாதம் ஆனது. அதுவரை எண் பெரிதாக இருந்தால் ஹார்மோன் நிறைய இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

மருத்துவமனையில் ஒரு பக்கக் குறிப்புத்தாள் கொடுத்தார்கள். அதை மூன்று தடவை படித்துவிட்டுக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தேன். அந்தத் தாளுக்குப் பிறகு வருகிறேன்.

இனி மாத்திரை. இதன் பெரிய குறை, வேகம். தலைவலி மாத்திரை போட்டு அரை மணியில் பலன் பார்த்துப் பழகியவர்கள் நாம். டி4-ன் அரைவாழ்வு சுமார் ஏழு நாள். அதாவது இன்று உள்ளே போனதில் பாதி, அடுத்த வாரமும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். மேலே மேலே தினம் ஒன்று சேர்ந்து ஒரு மட்டத்துக்கு வந்து நிலைக்கவே ஐந்தாறு வாரம் பிடிக்கும். பிட்யூட்டரி அதைக் கவனித்து அதட்டலைக் குறைக்க இன்னும் கொஞ்ச நாள். அதனால்தான் அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் பரிசோதனை. இடையில் எடுக்கும் பரிசோதனை, பாதி அச்சான தாளைப் பிடுங்கிப் பிழை பார்ப்பதற்குச் சமம்.

இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் மூன்றாவது வாரம் நான் அப்படி உடைந்துபோயிருக்க மாட்டேன். மூன்றாவது வாரத்தில் நாலு நாள் நன்றாக இருந்தது. 13 பக்கம் ஓடியது. அவ்வளவுதான், குணமாகிவிட்டது என்று பரணை ஒழித்தேன், துணி மடித்தேன், தள்ளிப்போட்ட கையெழுத்துப் பிரதிகளை எல்லாம் இழுத்துப் போட்டேன். ஐந்தாவது நாள் எழுந்திருக்க முடியவில்லை. 'மாத்திரை வேலை செய்யவில்லை' என்று முடிவுகட்டினேன். மாத்திரைமேல் தப்பில்லை, பரண்மேல்தான்.

அன்றைக்குத்தான் நோட்டு போட ஆரம்பித்தேன். இந்த மதிப்புரையில் நான் முழு நட்சத்திரம் கொடுக்கிற ஒரே பொருள் அந்த நோட்டுதான். கோடு போட்ட சாதாரணப் பள்ளிக்கூட நோட்டு. காலை, மதியம், மாலை மூன்று வேளைக்கும் அசதிக்குப் பத்துக்கு எத்தனை என்று ஓர் எண். அன்று திருத்திய பக்கம். தூங்கிய மணி. மாத்திரை போட்ட நேரம். கடைசியில் ஒரு வரி, 'மாடி ஏறினேன்' 'விருந்தாளி வந்தார்கள்' என்ற மாதிரி. நிமிடத்துக்கு மேல் பிடிக்காது. இரண்டு மாதம் சேர்ந்ததும் திருப்பிப் பார்த்தேன். மதியம் இரண்டிலிருந்து நாலு வரைதான் பள்ளம், தினமும். காலை முதல் இரண்டு மணி நேரம் ஓரளவு தெளிவு. நல்ல நாளில் அளவு மீறினால் அடுத்த இரண்டு நாள் கட்டாயம் படுக்கை. மாத்திரை அளவு மாறிய தேதிக்கும் மோசமான நாட்களுக்கும் நான் நினைத்த சம்பந்தம் கிடையவே கிடையாது.

அதன்படி வேலையை மாற்றினேன். ஒற்று, சந்தி என்று கண் கூர்மை தேவைப்படும் பக்கங்கள் காலை இரண்டு மணி நேரத்துக்குள். பக்க எண் சரிபார்ப்பது, பொருளடக்கம் ஒப்பிடுவது மாதிரி இயந்திர வேலை மதியத்துக்கு. நாற்பது நிமிடம் உட்கார்ந்தால் பதினைந்து நிமிடம் படுக்கை, தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும். அதிலும் ஒரு விஷயம்: தாங்க முடியாமல் போன பிறகு படுத்தால் எழுந்திருக்க ஒன்றரை மணி ஆகும், முடியும் என்று தோன்றும்போதே படுத்தால் பதினைந்து நிமிடம் போதும். நடையை எட்டு நிமிடத்தில் ஆரம்பித்தேன். கேட்கவே வெட்கமாக இருக்கும், எட்டு நிமிடம். வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டினேன். நல்ல நாளாக இருந்தாலும் அதற்கு மேல் ஓரடி வைப்பதில்லை. இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்ட நாளில் ஓய்வெடுக்க யாரும் சொல்லித்தர வேண்டாம், உடம்பே தள்ளிவிடும். நல்ல நாளில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

அளவுக்கு வருகிறேன். ஆறு வாரம் கழித்து டிஎஸ்எச் 38-லிருந்து 14-க்கு இறங்கியது. 50-ஐ 75 ஆக்கினார் டாக்டர். முழு அளவு பொதுவாக உடம்பின் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்று கணக்கு. என் 62 கிலோவுக்கு நூறுக்குப் பக்கத்தில் வரும். ஆனால் எல்லோருக்கும் எடுத்ததும் அதைக் கொடுத்துவிடுவதில்லை. வயதானவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள் என்றால் 12.5, 25 என்று அடி அடியாகத்தான் ஏற்றுவார்கள். 75-ல் எட்டு வாரம் ஓடியது. பரிசோதனையில் 9.6. எதிர்பார்த்ததற்கு ரொம்பக் கம்மியான இறக்கம்.

"எப்படிச் சாப்பிடுறீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"காலையில வெறும் வயித்துலதான் டாக்டர். காபியோட."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். என் கணக்கில் காபி சாப்பாட்டில் சேராது. வெறும் வயிறு என்றால் திட உணவு இல்லாத வயிறு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். காபி இந்த மருந்து குடலில் ஏறுவதைத் தடுக்கும். மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை வேறு எதுவும் கூடாது. அதோடு நிற்கவில்லை. எலும்புக்கு என்று ஒரு கால்சியம் மாத்திரையும் அதே வாயில் போட்டுக்கொண்டிருந்தேன், மறக்காமல் இருக்கும் என்று. கால்சியம், இரும்புச்சத்து இரண்டும் தைராக்ஸினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நாலு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். நெஞ்செரிச்சலுக்குத் தினமும் போடும் சில மாத்திரைகளும் வயிற்றின் அமிலத்தைக் குறைப்பதால் இதன் பலனைக் குறைக்கக்கூடும். ஆக, நான் 14 வாரமாக 50-ஐயும் 75-ஐயும் முழுசாகச் சாப்பிட்டதே இல்லை. எவ்வளவு உள்ளே போனது என்பது காபிக்கும் கால்சியத்துக்கும்தான் வெளிச்சம்.

டாக்டர் அளவை ஏற்றவில்லை. அதே 75-ஐ ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றார். ஏழு வாரம். டிஎஸ்எச் 4.9. மாத்திரை மாறவில்லை, அளவு மாறவில்லை, காபி மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. இதற்காக அரை நட்சத்திரம் திருப்பிக் கொடுத்தேன்.

காலையில் காத்திருக்க முடியாதவர்கள் இரவில் எடுத்துக்கொள்வதும் உண்டு. கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். 2010-ல் வெளியான ஒரு டச்சு ஆய்வில் படுக்கும் நேரத்தில் எடுத்தவர்களுக்கு ஹார்மோன் அளவுகள் இன்னும் கொஞ்சம் நன்றாகவே இருந்தன. ஆனால் அசதி மாதிரியான விஷயங்களில் மாற்றம் தெரியவில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. நான் இரவுச் சாப்பாட்டை நேரத்துக்கு முடிப்பவள் இல்லை, காலையிலேயே இருந்துவிட்டேன்.

இப்போது வெட்கப்பட வேண்டிய பகுதி. 4.9 வந்தும் பக்கக் கணக்கு 12-ஐத் தாண்டவில்லை. டாக்டரைப் பார்க்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. நூறு தேவைப்படும் உடம்புக்கு 75 கொடுத்தால் எப்படி என்று எனக்கு நானே டாக்டராகி, ஒன்றரை மாத்திரையாகப் போட ஆரம்பித்தேன். 75-ஐக் கத்தியால் பாதியாக்கி, 112.5. நாலாவது நாள் உற்சாகம் பொங்கியது. அது மருந்தின் உற்சாகம் இல்லை என்று இப்போது தெரியும், அரைவாழ்வுக் கணக்குப்படி நாலு நாளில் பெரிதாக எதுவும் நடந்திருக்காது. துணிச்சல் கொடுத்த உற்சாகம். ஒன்பதாவது நாள் இரவு நெஞ்சு அடித்துக்கொண்டது. படுத்த வாக்கில் நாடி 104. கை விரல்கள் மெல்ல நடுங்கின. உடம்பு அசந்திருக்கிறது, தூக்கம் மட்டும் வரவில்லை. சோர்வுக்கு எதிர்ப்பதம் சுறுசுறுப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். படபடப்பும் அதன் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கிறது.

நிறுத்திப் பழைய அளவுக்கு வந்தேன். ஏறுவதற்கு மெதுவான மருந்து இறங்குவதற்கும் மெதுவானதுதான். சரியாக ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. டாக்டரிடம் மறைக்காமல் சொன்னேன். திட்டவில்லை, இதயத் துடிப்புப் படம் எடுத்துப் பார்த்தார். தைராக்ஸின் நீண்ட நாள் கூடுதலாகப் போனால் இதயத் துடிப்பு தாளம் தப்பும், எலும்பு மெலியும் என்று விளக்கினார். பிறகு 88 எழுதிக்கொடுத்தார். 75-க்கும் 100-க்கும் நடுவில் இப்படி ஓர் அளவு கடையில் இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. படிகளை இவ்வளவு நெருக்கமாக வைத்துச் செய்திருப்பது இந்தப் பொருளில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

இதற்கு நடுவில் தலைமுடி. தைராய்டு குறைந்தாலும் கொட்டும், அளவு மாறிக்கொண்டிருக்கும்போதும் கொட்டும். சீப்பைப் பார்க்கவே பயமாக இருந்தது. கடையில் அழகான டப்பாவில் 'கூந்தல், தோல், நகம்' என்று எழுதிய ஒரு வில்லை வாங்கி 88-க்கு மாறிய கையோடு ஆரம்பித்தேன். அதில் பயோட்டின் 10 மி.கி. ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவை என்று வைத்திருப்பது 30 மைக்ரோகிராம். அதாவது முந்நூறு மடங்குக்கும் மேல். வைட்டமின்தானே, என்ன செய்துவிடப் போகிறது?

எட்டாவது மாதப் பரிசோதனை. டிஎஸ்எச் 0.08. ஃப்ரீ டி4 மேல் எல்லையைத் தாண்டி நின்றது. தாளைப் படித்தால், இவளுக்குத் தைராய்டு பொங்கி வழிகிறது, மாத்திரையைக் குறை என்று அர்த்தம். தாளைப் பிடித்துக்கொண்டிருந்த நானோ மூன்று படி ஏறியதற்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். குதிகால் வெடிப்பு, மலச்சிக்கல், மற்றவர்கள் மின்விசிறி போட்டால் எனக்குப் போர்வை. வாசற்படியில் அழுதது அப்போதுதான். உடம்பு ஒன்று சொல்கிறது, தாள் வேறொன்று சொல்கிறது, உலகம் தாளைத்தான் நம்பும் என்ற பயம்.

டாக்டர் தாளை ஓரமாக வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி 60. கைகளை நீட்டச் சொன்னார், நடுக்கம் இல்லை. குதிகாலைப் பார்த்தார்.

"வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?"

"ஒண்ணும் இல்லையே டாக்டர்."

"மாத்திரையே இல்லைன்னு நீங்க நினைக்கிறதையும் சொல்லுங்க."

கூந்தல் வில்லையைச் சொன்னேன். சிரித்துவிட்டார். பல ஆய்வுக்கூடங்களில் இந்தப் பரிசோதனையின் உள்ளே ஒட்டுப்பசை மாதிரிப் பயன்படுவதே பயோட்டின்தானாம். ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் நிரம்பியிருந்தால் பசை ஒட்ட வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். விளைவு, டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும் ஃப்ரீ டி4 பொய்யாக ஏறியும் வரும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே 2017-ல் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே இத்தகைய வில்லைகளை நிறுத்த வேண்டும் என்கிறார்கள். என்னை ஐந்து நாள் நிறுத்தச் சொல்லி, அதே ஆய்வுக்கூடத்தில் மறுபடி எடுக்கச் சொன்னார். டிஎஸ்எச் 3.4.

யோசித்துப் பாருங்கள். தாளை மட்டும் பார்த்து 88-ஐ 62.5 ஆக்கியிருந்தால் இன்னும் இரண்டு மாதம் நான் குப்புறக் கிடந்திருப்பேன், அதற்கும் மாத்திரையைத்தான் திட்டியிருப்பேன். இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லப்படும் குறைகளில் எத்தனை உண்மையில் மாத்திரையுடையவை என்று எனக்குச் சந்தேகம் வர ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

பரிசோதனை நாளில் இன்னொன்றும் பழகிக்கொண்டேன். டிஎஸ்எச் பகலில் இறங்கும், இரவிலும் விடியலிலும் ஏறியிருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே காலை நேரத்தில் போகிறேன். அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகுதான் விழுங்குகிறேன்; விழுங்கிய சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 கொஞ்சம் தூக்கிக் காட்டும்.

சரி, 3.4 வந்துவிட்டது. எல்லைக்குள். அசதி?

போகவில்லை. 13 பக்கம். டிஎஸ்எச் சரியான பிறகும் அறிகுறிகள் மிச்சமிருப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் இருப்பார்கள் என்று மருத்துவ நூல்களில் பொதுவாகச் சொல்கிறார்கள். நான் அந்தப் பத்தில் ஒருத்திதான் என்று தீர்மானித்து, டி3 சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டேன். டி4-ஐ உடம்பு டி3-ஆக மாற்றித்தான் பயன்படுத்துகிறது, நேரடியாக அதையே கொடுத்தால் என்ன என்பது என் வாதம். டி3-க்கு அரைவாழ்வு ஏறக்குறைய ஒரு நாள்தான், ரத்தத்தில் ஏறி இறங்கி ஊஞ்சலாடும் என்றார். சிலருக்குக் கொடுத்துப் பார்ப்பதுண்டு, ஆனால் அதற்கு முன்னால் அசதிக்கு வேறு யார் யார் பொறுப்பு என்று பார்த்துவிட வேண்டும் என்றார். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, சர்க்கரை. குறட்டை விடுகிறேனா, தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறதா என்று என் கணவரிடம் கேட்டார். மனச்சோர்வு இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா, எடை குறைகிறதா என்றும் கேட்டுக்கொண்டார். அட்ரினல் சுரப்பியும் சேர்ந்து படுத்துக்கொண்டிருந்தால் தைராக்ஸின் மட்டும் ஏற்றுவது ஆபத்து என்பதால். எனக்கு அது இல்லை.

ஃபெரிட்டின் 9. இரும்பு இருப்பு வைக்கும் கிடங்கு காலி. காரணமும் தைராய்டு வீட்டுக்குள்ளேயே இருந்தது: சுரப்பி மந்தமானால் மாதவிலக்கில் உதிரப்போக்கு கூடலாம். இரண்டு வருடமாகக் கூடியிருந்தது. அதையும் வயதுக் கணக்கில் எழுதியிருந்தேன். ஒழுகிய குழாயைத் தைராக்ஸின் அடைத்துவிட்டது சரி, அதற்கு முன்னால் ஒழுகிப்போனதை அது நிரப்பாது.

இரும்பு மாத்திரை ஆரம்பித்தபோது முன்பு செய்த தப்பைச் செய்யவில்லை. தைராக்ஸின் காலை ஐந்தரைக்கு, இரும்பு மாலையில். இரும்பு ஆரம்பித்த நாலாவது மாதத்தில் ஃபெரிட்டின் 41. நோட்டில் அது அழகாகத் தெரிகிறது. 13, 13, 14, 14, 15. ஒரே இரவில் விளக்குப் போட்ட மாதிரி எதுவும் நடக்கவில்லை. ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு நிமிர்ந்து பார்த்தபோது, படுக்க மறந்துவிட்டிருந்தேன் என்பது தெரிந்தது. அவ்வளவுதான்.

துணைப் பொருட்களைப் பற்றியும் நாலு வார்த்தை. ஏழு அறை கொண்ட மாத்திரைப் பெட்டி வாங்கினேன். போட்டோமா இல்லையா என்ற காலைச் சண்டை தீர்ந்தது. ஆனால் இந்த மாத்திரைக்கு வெளிச்சம், ஈரம், சூடு மூன்றும் ஆகாது. பட்டையிலிருந்து பிரித்து வெறுமனே பெட்டியில் போட்டுவைப்பது நல்லதல்ல. பட்டையைக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு மாத்திரையாக உறையோடு வெட்டி அறையில் போடுகிறேன். சமையலறை அலமாரியிலிருந்து படுக்கையறைக்கு இடம் மாற்றிவிட்டேன். என்றாவது மறந்தால் அன்றைக்கே நினைவு வரும்போது போட்டுக்கொள்ளலாம், மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள் என்பது என் டாக்டரின் உத்தரவு. அரைவாழ்வு நீளமாக இருப்பதால் ஒரு நாள் விட்டதற்கு வானம் இடிந்துவிடாது. இந்த மருந்தின் மெதுவை நான் பாராட்டும் ஒரே சந்தர்ப்பம் அது.

கடைக்காரர் வேறு நிறுவனத்தின் பட்டையைக் கொடுத்தால் கவனியுங்கள். எழுதியிருக்கும் மைக்ரோகிராம் ஒன்றாகவே இருந்தாலும் உடம்பில் ஏறுவதில் சின்ன வித்தியாசம் இருக்கலாம். ஒரே தயாரிப்பில் நிற்பது வசதி. மாற்ற வேண்டி வந்தால் ஆறேழு வாரம் கழித்து ஒரு பரிசோதனை. கர்ப்பம் தரித்தால் தேவை கூடும், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். என் மகளுக்கு இதைச் சொல்லிவைத்திருக்கிறேன். இந்த நோய் குடும்பத்தில் ஓடக்கூடியது.

குறைகூறி முடித்தபின் ஒன்று சொல்லத்தான் வேண்டும். 1891-ல் ஜார்ஜ் மரே என்ற ஆங்கிலேய மருத்துவர் ஆட்டின் தைராய்டிலிருந்து சாறெடுத்து, இந்த நோயால் வீங்கிக் குளிர்ந்துபோயிருந்த ஒரு பெண்மணிக்கு ஊசியாகப் போட்டார். அதற்கு முன் இதற்கு மருந்தே கிடையாது. அந்த அம்மாள் அதன் பிறகு 28 வருடம் வாழ்ந்தார். 1914 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் தைராக்ஸினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். ஊசியும் ஆட்டுச்சாறும் இல்லாமல், நான் ஐந்தரைக்கு எழுந்து ஒரு டம்ளர் தண்ணீரில் விழுங்கிவிட்டு மறுபடி படுத்துவிடுகிறேன். காபிக்கு ஆறரை மணி வரை காத்திருப்பதுதான் என் தியாகம். அதற்கும் முணுமுணுக்கிறேன்.

தற்போதைய நிலவரம்: 88 மைக்ரோகிராம், டிஎஸ்எச் 1.8, நடை 35 நிமிடம், மணிக்கு 17 பக்கம். பழைய 18 இன்னும் வரவில்லை. மதியப் படுக்கை வாரத்தில் இரண்டு நாளாவது தேவைப்படுகிறது. காய்ச்சல் வந்தாலோ இரவு கண்விழித்தாலோ மீள்வதற்கு மற்றவர்களைவிட எனக்கு ஒரு நாள் கூடுதலாகிறது. மாத்திரைக்கு நாலு நட்சத்திரம். குறைத்த ஒன்று வேகத்துக்கு. நோட்டுக்கு ஐந்து. கூந்தல் வில்லைக்கு எதுவும் இல்லை. முடி அது இல்லாமலேயே நின்றது.

மருத்துவமனைக் குறிப்புத்தாளுக்கு ஒன்று. 'வெறும் வயிற்றில்' என்று மட்டும் போட்டிருக்கிறார்களே தவிர காபி, கால்சியம், பயோட்டின் எதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. போன மாதம் குளிர்பதனப் பெட்டியைத் துடைக்கும்போது அந்தத் தாள் கையோடு வந்தது. 'காலை உணவிற்க்கு முன்' என்று இருந்தது. 'மருத்துவரை கேட்டு கொள்ளவும்' என்று இருந்தது. 'மாத்திறை' என்றுகூட ஓரிடத்தில். ஒரே பக்கத்தில் மொத்தம் ஏழு பிழை. முதல் நாள் இதையே மூன்று தடவை படித்தேன், ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து ஏழையும் திருத்தி, காபியையும் கால்சியத்தையும் பயோட்டினையும் ஓரத்தில் எழுதி, அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது கொடுப்பதற்காகப் பையில் வைத்திருக்கிறேன்.